உம்மா திருப்பிச் சொன்ன ஒப்பந்தம்

ஓய்வுபெற்றவள் என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. ஆனால் நான் பார்த்த வேலை இப்போது இல்லை. புத்தளம் நகரில் எங்கள் நிலையம் இருந்த மேல்மாடியில் மூக்குக் கண்ணாடிக் கடை நடக்கிறது. நான் கல்யாணம் முடித்து எங்கள் ஊரான உடப்பிலேயே இருக்கிறேன். ஒரு வேலை முழுதாக முடிந்து, அதைத் திரும்பிப் பார்க்க நேரமும் கிடைத்தால் அது ஓய்வு என்றுதான் நான் நினைக்கிறேன்.

பல்கலைக்கழகங்களில் பொருளியல் படிக்கும் எங்கள் கரையோரப் பிள்ளைகளுக்கு உள்ளகப் பயிற்சி, புலமைப்பரிசில், குறுங்காலக் கற்கைநெறி என்று எங்கே என்ன இருக்கிறது என்று தேடிக் கொடுப்பது எங்கள் வேலை. கிடைத்த வாய்ப்பு கைநழுவிப் போகாமல் பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை. இப்போது எல்லாம் கொழும்பிலிருந்து இணையத்தில் நடக்கிறது. அங்கே இருக்கும் ஜனனி என்ற பிள்ளை போன மாதம் என்னை அழைத்தாள்.

“அக்கா, பெற்றோர் சம்மதம் எண்டு படிவத்தில ஒரு பெட்டி இருக்கு. எல்லாரும் அதில சரி போடுறாங்க. பிறகு பயிற்சி தொடங்குற நாளில பிள்ளை வாறதில்ல. நீங்கள் எப்பிடிச் செய்தனீங்கள்?”

போனில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவளுக்காகத் தொடங்கியதுதான் இது.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து, கணினி டிப்ளோமாவோடு அந்த நிலையத்துக்குப் போனேன். தரவுத்தளம் ஒன்று அமைப்பதற்காக எடுத்தார்கள். மாணவர் பெயர், பல்கலைக்கழகம், ஆண்டு, பாடம், மொழி என்று நிரல்களாகப் பிரித்துப் போட்டேன். அது சீக்கிரமே முடிந்துவிட்டது. பிறகு என்னை அனுப்பாமல் வைத்திருந்ததற்குக் காரணம், நான் எதையும் பட்டியல் போடாமல் விடமாட்டேன் என்பதுதான் என்று எங்கள் பொறுப்பதிகாரி எல்லோரிடமும் சொல்வார்.

நாங்கள் கூப்பிட்டது போல அவரைச் சேர் என்றே எழுதுகிறேன். சிலாபத்துக்காரர். வீட்டில் சிங்களமும் சந்தையில் தமிழுமாக வளர்ந்தவர். முன்பு சிறுகடன் கொடுக்கும் வேலையில் இருந்தவர் என்பதால், ஆட்களிடம் கையெழுத்து வாங்குவது பற்றி அவருக்கென்று ஒரு முறை இருந்தது.

நான் சேர்ந்த வருடம், எங்கள் உடப்புப் பையன் ஒருவனுக்குக் கொழும்பில் நேர்முகத் தேர்வு வந்தது. திரௌபதை அம்மன் கோயில் திருவிழாக் காலம். தீமிதிப்புக்கு அவன் காப்புக் கட்டியிருந்தான். காப்புக் கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டிப் போய்த் தங்கமாட்டான். தேர்வாளர்களுக்கு அது விளங்கவில்லை. அக்கறையில்லாத பிள்ளை என்று எழுதி அனுப்பினார்கள். சேர் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, சுவர்க் கலண்டர் ஒன்றை மேசையில் விரித்தார். உடப்புத் தீமிதிப்பு, தலவிலத் தேவாலயத் திருநாள், நோன்பு, பெருநாள், வயல் அறுவடை, கடல் மாறும் காலம் எல்லாவற்றையும் அதில் குறிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு கொழும்புக்காரர்கள் திகதி கேட்டால் நான் முதலில் அந்தக் கலண்டரைத்தான் பார்ப்பேன்.

அடுத்தது எலுவன்குளத்துப் பிள்ளை. அவளுடைய தகப்பன் பயிற்சி ஒப்பந்தத்தில் நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அறுவடை வந்ததும் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், பயிற்சி நடந்த அலுவலகத்திலிருந்து மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை லீவில் வரலாம் என்று அவர் நினைத்திருந்தார். யாரும் அவருக்கு வேறுவிதமாகச் சொல்லவில்லை. அந்த நிறுவனம் அதற்குப் பிறகு நெடுநாள் எங்கள் மாவட்டத்திலிருந்து ஒருவரையும் எடுக்கவில்லை.

அதிலிருந்து சேர் தன் முறையைக் கட்டாயமாக்கினார். ஒப்பந்தத்தில் பிணை நிற்பது தாய் அல்லது தகப்பன். ஆகவே அவர்கள் நேரில் வரவேண்டும். சேர் ஒவ்வொரு பிரிவாக, அவர்களுடைய மொழியில், நிதானமாக வாசிப்பார். வாசித்து முடிந்ததும் பேனையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். “இப்ப நீங்க எனக்குத் திருப்பிச் சொல்லுங்க,” என்பார். அவர்கள் தங்கள் சொல்லில் சொல்லி முடித்த பிறகுதான் பேனை வெளியே வரும். தேநீரும் அப்போதுதான். முன்பே கொடுத்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். தங்கைக்கான சிங்களச் சொல்லால்தான் அவர் என்னைக் கூப்பிடுவார்.

“நங்கி, எங்கட தேத்தண்ணிய குடிச்ச மனுசன் பிறகு வேணாமெண்டு சொல்ல வெக்கப்படுவான். வேணாமெண்டு சொல்ல வழி விட்டு வைக்கோணும்.”

ஜனனி கேட்ட கேள்விக்கு இதுதான் சுருக்கமான பதில். விரிவான பதில் ஸஃப்னா.

ஸஃப்னா கற்பிட்டிப் பக்கத்துப் பிள்ளை, வீட்டுக்கு ஒரே மகள். தகப்பன் உப்பளத்தில் வேலை செய்தவர். கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொருளியல் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனம் ஆறுமாத உள்ளகப் பயிற்சிக்கு ஆள் கேட்டது. மீன், உப்பு, மரக்கறி விலைகளைச் சந்தைசந்தையாகச் சேகரித்து ஆராயும் வேலை. நன்றாகச் செய்தவர்களை முழுப் புலமைப்பரிசிலோடு வெளிநாட்டுக் கற்கைநெறிக்கு அனுப்புவார்கள். மூன்றாம் வருடம் முடிக்கிறவர்களுக்கு மட்டும்தான் இடம். எங்கள் மாவட்டத்திலிருந்து அவள் ஒருத்திதான் தெரிவானாள்.

தெரிவான செய்தி வந்து சில நாட்களில் அவளுடைய வாப்பா மவுத்தானார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய கிழமையில் ஸஃப்னா தன் தாய்மாமனோடு நிலையத்துக்கு வந்தாள். மாமா கற்பிட்டியில் வலை, கயிறு விற்கும் கடைக்காரர், மரியாதையான மனிதர். தானே கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். சேர் மெதுவாகத் தலையாட்டினார்.

“வாப்பா இல்லாட்டி உம்மா. அவங்க வரோணும்.”

“ராத்தா இத்தா இருக்கிறா, சேர். வெளிய வர ஏலா. வெளி ஆம்புளைகளுக்கு முன்னுக்கும் வரமாட்டா.”

கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பது அவர்களுடைய மார்க்கக் கடமை. பிறைக் கணக்கில் எண்ணுவார்கள். பயிற்சி தொடங்கும்போது அதில் பாதிகூட முடிந்திருக்காது.

“அடுத்த வருசம் பாப்பமே,” என்றார் மாமா. தமக்கையைத் தனியே விட்டு மருமகளைக் கொழும்புக்கு அனுப்ப அவருக்கு மனமில்லை என்பது தெரிந்தது. அதில் பிழையும் இல்லை. கடைக்குப் போவது, தண்ணீர் எடுப்பது, வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அப்போது ஸஃப்னாதான்.

“அடுத்த வருசம் நான் மூணாம் வருசம் இல்ல, மாமா,” என்றாள் ஸஃப்னா. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அழவில்லை. ஏற்கெனவே வீட்டில் அழுதுமுடித்துவிட்டு வந்தவள் போலிருந்தாள்.

சேர் மாமாவிடம், ராத்தாவின் குரலைக் கேட்பதற்கு ஏதும் தடை இருக்கிறதா என்று கேட்டார். தேவைக்குத் திரைக்குப் பின்னாலிருந்து கதைக்கலாம் என்றார் மாமா.

“அப்ப போதும். எனக்கு முகம் வேணாம். திருப்பிச் சொல்ற குரல்தான் வேணும்.”

இரண்டு நாள் கழித்து நிலையத்தின் வான் வண்டியில் கற்பிட்டிப் பாதையில் போனோம். காற்று வண்டியையே தள்ளியது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. வழியெல்லாம் சேர் ஒவ்வொரு பிரிவுக்கும் என்னிடம் தமிழ் கேட்டு, சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார்.

“பிணை எண்டா அந்த மனுசி பயப்படுவா. வேற சொல்லு இல்லையா?”

“பயப்படட்டும் சேர். அது பிணைதானே.”

அவர் சிரித்துவிட்டார். “ஹரி, ஹரி, சரிதான். உனக்குத்தான் சம்பளம் கூட்டோணும்,” என்றார். கூட்டவில்லை.

சிறிய வீடு. முன்மண்டபம், அதிலிருந்து உள்ளறைக்கு ஒரு வாசல், வாசலில் பூப்போட்ட திரை. எங்களுக்காகக் கதிரைகளை உள்ளறையைப் பார்த்தபடி போட்டிருந்தார்கள். சேர் தன் கதிரையைத் தானே தூக்கித் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். மாமா வாசற்படியில் இருந்தார். நான் திரைக்கு அருகே பாயில் உட்கார்ந்தேன். திரைக்குள்ளே உம்மாவும் ஸஃப்னாவும் உம்மாவின் தங்கையும் இருந்தார்கள். சாச்சி என்று ஸஃப்னா கூப்பிடும் அவர், அவள் போனால் ராத்தாவோடு வந்து தங்குவதற்கு ஒத்துக்கொண்டிருந்தார்.

தேநீர் வந்தது. சேர் நன்றி சொல்லிவிட்டு, பிறகு குடிக்கிறேன் என்று பக்கத்தில் வைத்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே, நேரம், காசு, பிணை, அலுவலக இரகசியம், லீவு என்று எல்லாப் பிரிவுகளையும் தமிழில் சத்தமாகச் சொன்னார். பாதையில் போன ஒருவர் தனக்குத்தான் ஏதோ சொல்கிறார் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார். முடிந்ததும் பேனை பைக்குள் போனது.

“இப்ப நீங்க திருப்பிச் சொல்லுங்க.”

உள்ளே சத்தமில்லை. சேர் அவசரப்படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை, திரையின் கரையில் தைத்திருந்த பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ராத்தா, ஓமெண்டு சொல்லுங்களே, முடிஞ்சி போகும்,” என்றார் மாமா.

“நீ சும்மா இரு,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். கனமான, கொஞ்சம் கரகரத்த குரல். “படிச்ச மனுசன் வெயில்ல வந்து வாசிச்சிருக்கார். ஓமெண்டு ஒரு சொல்லுல முடிக்கவா?”

பிறகு தொடங்கினார். “விடிய வேலைக்குப் போகோணும், பொழுது சாயத்தான் வரேலும். குடுக்கிற காசு சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் காணும், வீட்டுக்கு அனுப்ப நினைக்கக் கூடா. இடையில உட்டுட்டு வந்தா நான் பதில் சொல்லோணும், ஏனெண்டா பிணை நான். அவங்கட கந்தோர் விசயத்த வெளிய கதைக்கக் கூடா. அது எனக்கு நல்லா விளங்கின. நானும் இப்ப ஒண்டையும் வெளிய உடாமத்தானே இருக்கன்.”

உள்ளே சாச்சி சிரித்தது கேட்டது. சேரின் தோள்களும் குலுங்கின. எங்கள் முன்னே உட்கார்ந்து அதுவரை யாரும் ஒப்பந்தத்தை இவ்வளவு தெளிவாகத் திருப்பிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

“லீவு விசயத்த மட்டும் திரும்ப வாசிங்க, சேர்,” என்றது குரல்.

சேர் சொன்னார். முதல் மூன்று மாதத்தில் வாரநாட்களில் லீவு இல்லை. சொந்த நோய்க்கும் வீட்டில் நேரும் மரணத்துக்கும் மட்டும் உண்டு.

“மவுத்துக்கு லீவு இருக்கு,” என்றார் உம்மா. “மவுத்துக்குப் பிறகு உள்ளதுக்கு இல்ல.”

பிறகு தொடர்ந்தார். இத்தா முடியும் நாள் கணக்குப்படி ஒரு புதன்கிழமை வருகிறது. அன்றைக்குக் குளித்து, தொழுது, வெளியே வரும்போது மகள் பக்கத்தில் நிற்க வேண்டும். அது ஒன்றைத் தவிரத் தனக்கு வேறு ஆசை இல்லை. அந்த ஒரு நாளைத் தந்தால் மிச்சத்தையும் திருப்பிச் சொல்வதாகவும், தராவிட்டால் சொல்லமுடியாது என்றும் சொன்னார்.

சேர் தருகிறேன் என்று சொல்லவில்லை. “என்ட கையில இல்லாதத நான் தர ஏலா. கேட்டுப் பாக்கிறன்,” என்று எழுந்து வெளியே போய், தென்னைமரத்தடியில் நின்று கொழும்புக்குப் பேசினார். நான் உள்ளேயிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையை விரித்து விரித்துப் பேசினார். பிறகு அந்தக் கை கீழே இறங்கிவிட்டது.

திரும்பி வந்து, அதே கதிரையில், அதே பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

“கேட்டன். ஏலாதெண்டு சொல்லிட்டாங்க. அந்தக் கிழமை எல்லாப் பிள்ளைகளும் சந்தைகளுக்குப் போற கிழமையாம். ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கோணுமாம். நாளைக்குக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. சுகமில்ல எண்டு பொய் சொல்லி லீவு எடுக்க நான் சொல்லித் தரமாட்டன்.”

“நான் போகல்ல, சேர்,” என்றாள் ஸஃப்னா உள்ளிருந்து. உடனே சொன்னாள். அவசரமாகச் சொல்லி முடித்துவிட்டால் நோகாது என்பது போல.

மாமா படியிலிருந்து எழுந்தார். எங்களை வழியனுப்புவதற்காகச் செருப்பைத் தேடினார். சேர் ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்து, சிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் திரைக்குள்ளே கேட்டிருக்க வேண்டும்.

“அந்தப் பைய கீழ வையுங்க, சேர். நான் இன்னும் சொல்லி முடிக்கல்ல.”

சேரின் கை சிப்பிலேயே நின்றது.

“சனி ஞாயிறு லீவுதானே?”

“ஓம். அது எல்லாருக்கும் லீவு.”

“அப்ப நான் சனி வரைக்கும் இருக்கன்.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. மாமாவுக்கு விளங்கிவிட்டது. திரைக்கு நேரே வந்து நின்றார்.

“ராத்தா, மார்க்கத்துல அப்பிடி இல்ல. கணக்கு முடிஞ்சா முடிஞ்சிதான்.”

“மார்க்கத்துக்கு உள்ளத புதனோட குடுத்து முடிச்சிருவன். மிச்ச நாள் என்ட புள்ளைக்கு.”

“வேணாம் உம்மா,” என்றாள் ஸஃப்னா. இப்போது அழுதாள். “எனக்காக நீங்க ஏன் கூட இருக்கோணும்? காத்துக்கூட உள்ள வராது.”

“நீ பொருளியல் படிக்கிற புள்ள. ரெண்டு மூணு நாள் பெருசா, ஆறு மாசம் பெருசா எண்டு என்னையா கணக்குக் கேக்கிற? கண்ணத் துடை. சேர், எழுதிக்கொள்ளுங்க. வாரநாளில லீவு இல்ல. எனக்கு விளங்கின. நான் சம்மதம்.”

சேர் ஒப்பந்தத்தை மறுபடி வெளியே எடுத்து, பேனையையும் எடுத்தார்.  பிறகு தலையைத் திருப்பாமல், பேனையையும் ஒப்பந்தத்தையும் தோளுக்கு மேலால் பின்னே நீட்டினார். நான் வாங்கித் திரைக்கு அடியால் உள்ளே வைத்தேன். ஒரு கை வந்து எடுத்தது. மெலிந்த, வளையல் இல்லாத கை. கையெழுத்துப் போட நேரம் எடுத்தது. எழுத்துக்களை ஒவ்வொன்றாக உச்சரித்து எழுதியது எனக்குக் கேட்டது. தாள் திரும்பி வந்ததும் சேர் ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

மாமா மனம் ஆறாமல் பள்ளிவாசல் ஹஸரத்திடம் போய்க் கேட்டிருக்கிறார். புதனோடு இத்தா முடிந்துவிடும், அதற்குப் பிறகு வீட்டில் இருப்பது உம்மாவின் விருப்பம், அதை இத்தா என்று மட்டும் சொல்லவேண்டாம் என்றாராம். அதைச் சொல்வதற்கென்றே மாமா எனக்குப் போன் எடுத்தார். “சரியாம், மிஸ். பேரு மட்டும் வேற,” என்றார். அவர் குரலில் இருந்த நிம்மதியைக் கேட்டபோது, தமக்கைக்காக அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று விளங்கியது.

ஸஃப்னா குறித்த நாளில் கொழும்புக்குப் போனாள். பயிற்சியைக் குறையில்லாமல் முடித்து, கற்கைநெறிக்கும் போய் வந்தாள். ஜனனி, அந்த விவரங்கள் எல்லாம் நான் கட்டிய தரவுத்தளத்தில் உனக்குக் கிடைக்கும். அந்தச் சனிக்கிழமைக்கு நான் நிரல் எதுவும் போட்டிருக்கவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என்னையும் அழைத்திருந்தார்கள். சேரையும் அழைத்தார்கள், பெண்கள் கூடும் நாளில் தனக்கு அங்கே வேலை இல்லை என்று ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார். வீட்டுக்குப் பின்னால் பெரிய சட்டியில் சோறு வெந்துகொண்டிருந்தது. சொந்தக்காரப் பெண்கள் மண்டபத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஸஃப்னாவின் பஸ் வரச் சுணங்கியது. பிள்ளை வந்து பார்க்கட்டும், நீங்கள் வெளியே வாங்கோ என்று ஒவ்வொருவராகத் திரையடியில் போய்ச் சொன்னார்கள். உள்ளிருந்து பதிலே வரவில்லை.

ஸஃப்னா வந்தபோது செருப்பைக் கழற்றக்கூட மறந்து நேரே உள்ளே போனாள். கொஞ்ச நேரம் இருவருடைய மெல்லிய பேச்சு மட்டும் கேட்டது. பிறகு திரை விலகியது.

அந்தக் குரலுக்கு நான் மனதில் ஒரு வயதான முகம் வைத்திருந்தேன். வந்தவர் நாற்பதை ஒட்டிய பெண். முற்றத்து வெளிச்சம் பட்டதும் கண்களைச் சுருக்கிக்கொண்டார். மகளின் கையைப் பிடித்தபடி நின்று, என்னைப் பார்த்து, “நீங்கதானே பாயில இருந்த புள்ள? உங்கட மூச்சுச் சத்தம் அண்டைக்கு எனக்குக் கேட்டிச்சி, மகள். என்னவிட நீங்கதான் பயந்திருந்தீங்க,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று பின்னேர பஸ் இல்லாததால் அங்கேயே தங்கினேன். மறுநாள் காலையில் ஸஃப்னா திரும்பிப் போகவேண்டும். மாமா ஆட்டோ கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். உம்மா அதில் ஏறவில்லை. பஸ் நிற்கும் சந்திவரை நடந்து போவதாகச் சொன்னார். இத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் தெருவில் கால் வைத்தது அப்போதுதான். மணற்பாதையில் மகளின் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு முன்னே நடந்தார். வேலிக்கு வேலி ஆட்கள் நின்று எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பதில்தான்: “மகள பஸ் ஏத்தப் போறன்.” ஸஃப்னா வெட்கப்பட்டு, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள் உம்மா என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் வந்தாள்.

பஸ் வந்தது, அவள் ஏறினாள், யன்னலால் கை காட்டினாள். பஸ் வளைவில் மறையும்வரை பார்த்தோம். மாமா ஆட்டோவை எங்கள் பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருந்தார். இறங்கி வந்து, வெயில் ஏறுகிறது, வாருங்கள் ராத்தா என்றார்.

கடற்பக்கமிருந்து காற்று வந்தது. உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் சரிசெய்துகொண்டு, காற்று வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“நீ போ தம்பி,” என்றார். “நான் இவடத்த கொஞ்சம் நிண்டுட்டு வாறன்.”